பேட்டரி புல்வெட்டும் மெஷின் பாதியில் நிற்கிறதா? புதுசு வாங்குமுன் இதைப் பாருங்கள்

நம்ம குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அதனால் முற்றத்துப் புல்லுக்கு ஓய்வே கிடையாது, அதை வெட்டும் மெஷினுக்கும் கிடையாது. தள்ளிக்கொண்டு போகிற பேட்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் நாலைந்து வருஷம் ஆனதும் சொல்வது இதுதான்: முன்பு ஒரே சார்ஜில் கேட்டிலிருந்து பின்பக்கத்துப் பலாமரம் வரை வெட்டி முடித்தேன், இப்போது கிணற்றடிக்கு வந்ததுமே நின்றுவிடுகிறது. கெட்டது மெஷினா, பேட்டரியா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

பேட்டரியையும் பாதுகாப்புச் சாவியையும் கழற்றிவிட்டு மெஷினைச் சாய்த்துப் பார்த்தால், ஈரப் புல் அரைபட்டு அடித்தட்டு முழுக்க சாணி மெழுகின மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கும். மரக்கட்டையால் சுரண்டுங்கள், பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடிக்காதீர்கள், மோட்டாருக்குள் போய்விடும். பிளேடைக் கழற்றி அரத்தால் தீட்டி, நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவ வேண்டும். மழுங்கின பிளேடு புல்லை அறுக்காது, பிய்க்கும். வெட்டின நுனி நார்நாராக வெளுத்திருந்தால் அதுதான் அடையாளம். மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், நாம் பேட்டரியைப் பழி சொல்வோம்.

குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. என் மெஷினைப் பார்த்த ஒரு கடையில் கன்ட்ரோல் போர்டு (மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை) போய்விட்டது, இனி ஆகாது என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பேட்டரி உட்காருகிற இடத்துத் தகடு ஒன்றில் பச்சைக் களிம்பு. பழைய டூத்பிரஷில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்துக் காயவைத்தேன், ஓடியது. இன்றும் ஓடுகிறது.

இவ்வளவு செய்தும் கிணற்றடியைத் தாண்டவில்லை என்றால் பேட்டரிதான். லித்தியம் அயன் பேட்டரி முழுசாக ஏற்றி இறக்கினால் பொதுவாக 300 முதல் 500 தடவை வரை நன்றாக உழைக்கும். முழு சார்ஜோடு சூடான ஷெட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் அதற்கு முன்பே சோர்ந்துவிடும். 36 வோல்ட் பேக்கில் 10 செல் வரிசையாக இருக்கும், முழு சார்ஜில் மல்டிமீட்டர் 42 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டியும் புல்லில் இறங்கியதுமே நின்றால் உள்ளே ஏதோ செல் தளர்ந்திருக்கலாம். தெரிந்தவர் யாரிடமாவது அதே பேட்டரி இருந்தால் வாங்கிப் போட்டுப் பார்ப்பது இன்னும் உறுதி. செல் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் எல்லாச் செல்லும் புதுசா, ஸ்பாட் வெல்டிங்கா என்று கேளுங்கள். சால்டரிங் வைத்து ஒட்டினால் சூட்டிலேயே செல் கெடும்.

சரி, முடிவு எப்படி? மோட்டார் சத்தம் சுத்தமாக இருந்து, புது பேட்டரி விலை புது மெஷின் விலையில் பாதிக்குள் அடங்கினால் பேட்டரி மட்டும் வாங்குங்கள் என்பேன். கரிந்த வாடையும் தீப்பொறியும் வந்தால், பிரஷ் மோட்டாரில் கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம், சின்னச் செலவு. அந்தக் கரித்துண்டே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் கன்ட்ரோல் போர்டு உண்மையிலேயே போய், வாரண்டியும் முடிந்திருந்தால் மாற்றிவிடலாம். அந்த பேட்டரி மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது என்றாலும் அப்படித்தான். ரப்பர் விளைக்குள் காடு வெட்ட இதை ஓட்டியிருந்தால் அடுத்ததும் இதே வகையில் வாங்காதீர்கள், அதற்குத் தோளில் மாட்டும் மெஷின்தான் சரி.

புதுசு எடுக்கும்போது, வீட்டில் இருக்கும் டிரில்லின் பேட்டரியே பொருந்துகிற மெஷின் கிடைக்குமா என்று பாருங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சர்வீஸ் உண்டா என்றும் கேளுங்கள், திருவனந்தபுரம் வரை தூக்கிக்கொண்டு அலைய முடியாது. பழைய பேட்டரியை ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) போடாதீர்கள், தீப்பிடிக்கும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி வாங்கின கடையில் கொடுத்துப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு.