பச்சரிசி கொடுத்த துப்பு

பென்னாகரத்திலிருந்து தர்மபுரி கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். இந்த செமஸ்டர் முழுக்க மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது, மதிய வகுப்பில் கண் சொக்கியது, புத்தகத்தைத் தொடவே மனசு வரவில்லை. "ராத்திரி போனை நோண்டினா அப்படித்தான்" என்றார் அம்மா. சரியென்று சீக்கிரம் படுத்தேன், டைம்டேபிள் போட்டேன். விடிகாலை நடைப்பயிற்சியில் களைப்புதான் கூடியது.

துப்பு கிடைத்தது அரிசி டப்பாவில். எந்நேரமும் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டிருப்பேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும், நர்ஸ் அக்கா என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.9, பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் இப்படிப் பச்சரிசி மெல்லும் ஆசை வரலாமாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

அப்புறமும் அடுத்த பரிசோதனையில் பெரிய மாற்றமில்லை. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு டீ குடிக்கற, கண்ணு?"

மாத்திரையை விழுங்குவதே டீயோடுதான்! டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. பாலும் கால்சியம் மாத்திரையும்கூட இடைஞ்சல்தான். அன்றிலிருந்து மாத்திரை எலுமிச்சைச் சாற்றோடு. டீ இரண்டு மணி நேரம் தள்ளி. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையின் வேலை.

முதலில் நின்றது பச்சரிசி ஆசை. படிக்கட்டு பிறகுதான் சுலபமானது. அளவு 12-ஐத் தாண்டியும் மாத்திரையை நிறுத்தவில்லை. உடம்பில் இருப்பு சேர இன்னும் சில மாதம் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.