கூட்டுறவு கேன்டீனில் பணம் எங்கே ஒழுகுகிறது?

வட சென்னையில் ஒரு கல்லூரிக் கூட்டுறவு கேன்டீன் நட்டத்தில் ஓடுகிறது என்றதும் நிர்வாகக் குழுவில் முதலில் எழும் பேச்சு, விலையை ஏற்றுவது. அதற்கு முன் டீ கிளாஸை அளந்து பாருங்கள்.

1 லிட்டர் பாலும் அரை லிட்டர் டிகாக்ஷனும் சேர்ந்தால் ஒன்றரை லிட்டர் டீ. 100 மில்லி ஊற்றினால் 15 கிளாஸ். 120 மில்லி ஊற்றினால் பன்னிரண்டரைதான் தேறும். பால் 60 ரூபாய், டீத்தூள் 12, சர்க்கரை 6 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 78. முதல் கணக்கில் கிளாஸுக்கு 5 ரூபாய் 20 காசு, இரண்டாவதில் ஆறே கால். நாளைக்கு 500 டீ போகிற இடத்தில் இந்த ஒரு ரூபாய், 22 வேலை நாளில் 11,000 ரூபாய்க்கு மேல். டீ மாஸ்டர் இதில் திருடவே இல்லை. கிளாஸ் உடைந்தது, யாரோ பாரிமுனைக்குப் போய்க் கொஞ்சம் பெரிய கிளாஸாக வாங்கி வந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு கிலோவுக்கு எத்தனை என்ற கணக்கை எழுதிச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டுவது. தொடங்குவதற்கு இந்த அளவுகளை வைத்துக்கொள்ளலாம்:

இட்லி: 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ முழு உளுந்து, மாவு சுமார் 12 கிலோ, குழிக்கு 50 கிராம் ஊற்றினால் 240 இட்லி.
மெதுவடை: 1 கிலோ உளுந்துக்கு 50.
சாப்பாடு: 1 கிலோ புழுங்கல் அரிசி வடித்தால் மூன்றரை கிலோ வரும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள், 2.75 முதல் 3 கிலோதான் வரும். தட்டுக்கு 375 கிராம் என்றால் ஏழெட்டுச் சாப்பாடு.
சாம்பார்: 1 கிலோ துவரம்பருப்புக்கு 8 லிட்டர், 150 மில்லி கரண்டியில் 50 பேருக்கு.

உங்கள் அரிசி, உங்கள் குழித்தட்டு, உங்கள் கரண்டி இவற்றை வைத்து மூன்று நாள் எடைபோட்டுச் சராசரி எடுத்து, மேலே உள்ளதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி மாலைக் கணக்கு. சரக்கு அறையிலிருந்து 10 கிலோ அரிசி போனது என்றால் 75 சாப்பாடு வந்திருக்க வேண்டும். டோக்கன் 64, ஊழியர் சாப்பாடு 5, மிச்சம் 4; ஆக 73. இரண்டு குறைவது சகஜம். நான்கைந்து நாள் தொடர்ந்து எட்டுப் பத்து குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்று: கரண்டி பெரிசு, டோக்கன் இல்லாமல் தட்டு போகிறது, அல்லது மூட்டையே எடை குறைவு. மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். 25 கிலோ மூட்டை என்று அச்சடித்திருப்பதை நம்பாமல் தராசில் ஏற்றிப் பிறகே பில்லில் கையெழுத்து. வெங்காயம் வந்தால் மூட்டையைக் கொட்டிப் பாருங்கள். மேலே நல்லது, நடுவில் அழுகல் என்பது மொத்த வியாபாரத்தின் பழைய கதை.

சரக்கு வாங்குகிறவர் ஒருவர், சரக்கு அறைச் சாவி வைத்திருக்கிறவர் வேறொருவர், கல்லாவில் உட்காருகிறவர் மூன்றாமவர். ஆள் பற்றாக்குறை என்று முதல் இரண்டையும் ஒருவரிடமே கொடுத்த கேன்டீனில் எந்தக் கணக்குப் புத்தகமும் உதவாது.

கொத்தவால் சாவடி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகு, வட சென்னைக் கேன்டீனுக்குக் காய்கறியோடு லோடு ஆட்டோ வாடகையும் சேர்ந்துகொண்டது. வெங்காயம், உருளை, முட்டைகோஸ், கேரட் வாரம் இரண்டு முறை கோயம்பேட்டில். கீரை, கொத்தமல்லி, தக்காளி பக்கத்துச் சந்தையில் தினமும் என்று பிரித்துக்கொண்டால் வாடகையும் மிச்சம், வாடலும் குறைவு.

இடைவேளை 20 நிமிடம்

கல்லாவில் ஒருவர் காசு வாங்கி, சில்லறை கொடுத்து, டோக்கன் கிழிக்க 12 விநாடி ஆகும். 20 நிமிடத்தில் 100 பேர். மாணவர்கள் 300 பேர் வந்தால் 200 பேர் வெளியே தள்ளுவண்டிக்குப் போவார்கள், அல்லது டோக்கன் இல்லாமல் உள்ளே கை நீட்டுவார்கள். இரண்டுமே நட்டம். இன்னொரு ஆளைச் சம்பளத்துக்குப் போடுவதைவிட மலிவான வழி, 10 டீ, 10 டிபன் கொண்ட கூப்பன் அட்டையை முன்கூட்டியே விற்பது. காலை 8 மணிக்கும் வகுப்பு முடியும் நேரத்திலும் விற்றால் இடைவேளைக் கூட்டத்தில் பாதி கல்லாப் பக்கமே வராது. டீயை உணவு மேடையிலிருந்து பிரித்து வாசலுக்கு வெளியே வையுங்கள். டீ மட்டும் குடிக்க வந்தவர் பொங்கல் வரிசையில் நிற்கக் கூடாது.

க்யூஆர் அட்டை சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் இருக்க வேண்டும், மேனேஜரின் சொந்த செல்போனுக்கு அல்ல. தினமும் காலையில் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

கடன் நோட்டைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். மாணவர் கடன் சில்லறையாகத் திரும்பி வந்துவிடும்; பெரியவர்கள் கணக்குத்தான் ஆண்டுக்கணக்கில் தங்கும், கேட்கவும் வாய் வராது. ஆசிரியர்களுக்கும் அதே கூப்பன் அட்டை.

உப்புத் தண்ணி, உப்புக் காத்து

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் போர் தண்ணி பெரும்பாலும் உப்பு, கடினம். அதில் துவரம்பருப்பு எவ்வளவு விசில் விட்டாலும் மசியாது, டீ கரும்பழுப்பாகி ருசி கெடும், பாய்லரில் வெள்ளைப் படிவு ஏறிக் காஸ் தின்னும். சமையலுக்கும் டீக்கும் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர், கழுவ மட்டும் போர் தண்ணீர் என்று இரண்டு தொட்டி, இரண்டு குழாய், வேறு வேறு வண்ணம். பாய்லருக்கு வாரம் ஒரு முறை வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலந்த நீரைக் கொதிக்கவிட்டு ஊற்றுங்கள், பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கடல் காற்று பெயின்ட் அடித்த இரும்பு ரேக்கை இரண்டு மழையில் தின்றுவிடும். ஸ்டீல் வாங்கும்போது 304 தரம் கேளுங்கள். விலை குறைந்த 202 இங்கே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். அடுப்பு பர்னர் துளையில் துரு அடைத்தால் தீ மஞ்சளாகிப் பாத்திரம் கறுக்கும், 19 கிலோ சிலிண்டர் சீக்கிரம் தீரும். வாரம் ஒரு நாள் கம்பி பிரஷ்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேறொரு நட்டம். இரவில் மாவாட்டி, பாலுக்கும் சொல்லிவிட்டபின், விடியற்காலை மழை விடுமுறை அறிவிப்பு வரும். எச்சரிக்கை உள்ள நாளில் பாதி மாவு மட்டும் வெளியே புளிக்கட்டும். மீதியை அரைத்த உடனே குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் எடுத்துப் புளிக்கவைக்கலாம். காலை 5 மணிக்குள் சொன்னால் எத்தனை லிட்டர் குறைக்கலாம் என்று பால் ஏஜென்டிடம் முன்பே பேசி வையுங்கள். அரிசி, பருப்பு மூட்டைகள் தரையிலிருந்து 2 அடி உயரத்தில். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையில் மழைநீர் எதுவரை ஏறும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதை விற்பது

காலை நாஷ்டாவுக்கு இட்லி, பொங்கல், வடகறி. வடகறி சைதாப்பேட்டைச் சொத்து என்பார்கள். இங்கேயும் போட்ட வேகத்தில் தீரும். ஆனால் அன்று சுட்ட மசால்வடையில் மட்டுமே செய்ய வேண்டும். நேற்றைய வடையை ஒழிக்கும் வழியாக அது மாறினால் ஒரு வாரத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டு ஷிப்ட் கல்லூரியில் மாலை 4 மணிக்கு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் நன்றாகப் போகும். நூடுல்ஸ் காலையிலேயே வேகவைத்து எண்ணெய் தடவிக் குளிரில் இருக்கும். கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், பொரித்த பூண்டு சேர்த்துப் பிசைந்தால் தட்டு ஒரு நிமிடத்தில் தயார். கையால் பிசைவதால் கையுறை கட்டாயம். அந்தக் கையால் காசு தொடக் கூடாது.

மீன் போட்டால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸோடு வந்து ஐஸோடு சமையல்கட்டுக்குள் போகட்டும். காணாங்கெளுத்தி, சூரை போன்றவை வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேரும். அது எவ்வளவு கொதித்தாலும் அழியாது, முகம் சிவந்து தலை வலிக்கும். முழு மீன் 1 கிலோ வெட்டிக் கழுவினால் 600 கிராம் சொச்சம் என்று வைத்து விலை போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது மெனுவிலிருந்து மீனை எடுத்துவிடுவது நல்லது, அதே விலைக்குக் கொடுக்கப் பார்த்தால் துண்டுதான் சிறுக்கும்.

சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 5க்குக் கீழ். மதியம் மிஞ்சிய சோற்றை அன்னக்கூடையிலேயே மூடிவைத்து மாலை எலுமிச்சைச் சாதமாக்குவது வழக்கம். அங்கேதான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிறக்கின்றன. வெந்தும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் வெதுவெதுப்பான கூடையில் பெருகும். அவை உண்டாக்கும் நஞ்சு தாளித்தாலும் போகாது. மிஞ்சினால் உடனே அகலத் தட்டில் இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில், இல்லையென்றால் கொட்டுங்கள். பொரிக்கும் எண்ணெயில், அது காயக் காயச் சேரும் கழிவான போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். பழைய எண்ணெயில் புதிது ஊற்றிக்கொண்டே போனால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும்.

பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு வாளி வைத்துத் தட்டில் மிஞ்சுவதைத் தினமும் எடைபோடுங்கள். சோறு அதிகம் விழுந்தால் முதல் பரிமாறலைக் குறைத்து, கேட்டால் இரண்டாவது முறை இலவசம் என்று மாற்றுங்கள். கூட்டு அப்படியே விழுந்தால் அது அளவுப் பிரச்சினை இல்லை, ருசிப் பிரச்சினை.

குழு மாறும்போது

மாணவ உறுப்பினர் மூன்று ஆண்டில் போய்விடுவார். பங்குத்தொகையை மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே திருப்பிக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் சில ஆண்டுகளில் முகவரி தெரியாத நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் பட்டியலில் நிற்பார்கள், பொதுக்குழுவுக்குக் குறைந்தபட்ச வருகை சேராது. குழுவில் உள்ளவரின் உறவுக்காரர் சரக்கு கொடுப்பதாக இருந்தால் அந்த விலைப்புள்ளியைத் திறக்கும்போது அந்தக் குழு உறுப்பினர் அறையில் இருக்கக் கூடாது, தீர்மானத்தில் அதையும் எழுதுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச் 31 மாலை, பழைய குழுவும் புதிய குழுவும் சேர்ந்து சரக்கு அறையில் ஒவ்வொரு டப்பாவையும் எடைபோட்டு எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே சாவி கை மாற வேண்டும்.