பாட்டிலுக்குள் ஒரு கிணறு: மழையும் பனியும் நிலத்தடி நீராவதை வீட்டிலேயே காட்டுவது எப்படி

நீர்ச் சுழற்சிப் படத்தை என் மகள் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். கடல், ஆவி, மேகம், மழை, மறுபடியும் கடல், அவ்வளவுதான். ஒருநாள் மண்ணுக்குள் இறங்கும் அம்புக்குறியைக் காட்டி, "இந்தத் தண்ணி எங்கப்பா போகுது, கீழே பெரிய குளம் மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள். ஊரில் தாத்தா வீட்டுக் கிணற்றை எட்டிப்பார்த்து வளர்ந்த எனக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை, ஆனால் சிங்கப்பூரில் எட்டாவது மாடியில் குழாயைத் திறந்து வளரும் பிள்ளைக்குக் கிணறு என்பதே கதையில் வரும் சமாச்சாரம்தானே. வாயால் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. பாட்டிலை வெட்டிக் காட்டியதும் புரிந்துகொண்டாள். ஒரு மணி நேர வேலை, அதில் பாதி தரையைத் துடைக்க.

1.5 லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் இரண்டு எடுத்துக் கழுத்தை வெட்டிவிடுங்கள் (வெட்டுவது பெரியவர்கள் வேலை). கூழாங்கல், சற்றுப் பருமணல், செடி மண் மூன்றும் நர்சரியில் கிடைக்கும், கல்லும் மணலும் மீன்தொட்டிக் கடையிலும் உண்டு. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஒரு பை மணல் அள்ளி வரலாமே என்று நினைக்காதீர்கள், அது கூடாத காரியம், போதாததற்கு உப்பு வேறு. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் கொஞ்சம், தீர்ந்துபோன கைகழுவும் சோப்பு பாட்டிலின் பம்ப் ஒன்று, அடியில் ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்ட காகிதக் கப் ஒன்று. கல்லையும் மணலையும் நன்றாக அலசிவிடுங்கள். நான் முதல் தடவை அலசாமல் போட்டு, காப்பிக் கலரில் ஒரு பாட்டில்தான் மிஞ்சியது.

பம்பின் குழாய் நுனியில் பழைய ஸ்டாக்கிங் துண்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, பாட்டிலின் அடியைத் தொடும்படி ஓரமாக நிறுத்துங்கள். அதைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்குக் கூழாங்கல், மேலே ஒரு வலைத்துணி, அப்புறம் நாலு விரல் மணல், இரண்டு விரல் செடி மண். இப்போது காகிதக் கப் வழியாக அரை டம்ளர் மழை பெய்யட்டும்.

அடிக்கு ஒன்றும் வராது. பிள்ளை முகம் வாடும், விடுங்கள், பாடமே இங்கேதான் இருக்கிறது. பெய்த மழையெல்லாம் நிலத்தடி நீராகிவிடுவதில்லை. முதலில் மண் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும், அதிலிருந்து செடியின் வேர் குடிக்கும், கொஞ்சம் ஆவியாகித் திரும்பிப் போகும். மண்ணால் பிடித்துவைக்க முடியாத மிச்சம்தான் கீழே இறங்கும். இன்னொரு டம்ளர் ஊற்றினால் ஈரக்கோடு மணலில் மெதுவாக இறங்கி, கூழாங்கல் இடுக்குகளில் அடியிலிருந்து மேலாக நிரம்புவது தெரியும். குளம் எதுவும் இல்லை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துபொந்தில்தான் தண்ணீர். அது நிற்கும் உயரத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதுதான் நிலத்தடி நீர்மட்டம்.

பம்பை அழுத்தினால் உங்கள் வீட்டு போர்வெல் ரெடி. கோடு அப்படியே இருக்க, தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஆழமாகப் போட்டதும் நம் கிணறு வற்றிப்போன கதை ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது ஏன் என்று இந்த இடத்தில் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

இரண்டாவது பாட்டிலிலும் அதே அடுக்குகள், ஆனால் மணலுக்கும் மண்ணுக்கும் நடுவில் பிளாஸ்டிசினைத் தட்டையாக்கி ஓரம்வரை அழுத்திவிடுங்கள். மழை பெய்தால் மேலேயே தேங்கும். இது களிமண். நிறையத் தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கும், ஆனால் துளைகள் மிகச் சிறியவை என்பதால் எளிதில் கீழே விடாது. காலாங் பக்கம் தரைக்கடியில் இருக்கும் கடற்களிமண் இப்படித்தான். கார் நிறுத்தும் கார்ப்பேட்டையின் சிமெண்டும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான் சிங்கப்பூர் கிணற்றை நம்பாமல், ஓடும் மழைநீரை வடிகால், கால்வாய் வழியாக 17 நீர்த்தேக்கங்களில் பிடிக்கிறது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் இதற்கான நீர்ப்பிடிப்புப் பகுதி. எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆன் சியாங் ஹில் கிணற்றுத் தண்ணீரை மாட்டுவண்டியில் ஏற்றிச் சைனாடவுனுக்குக் கொண்டுபோன காலம் ஒன்று உண்டு. அந்த வட்டாரத்துக்கு வழங்கும் கிரேத்தா ஆயர் என்ற பெயருக்கே மலாயில் தண்ணீர் வண்டி என்றுதான் பொருள்.

சரி, பனிக்கு எங்கே போவது? துருவிய ஐஸில் செய்யும் இனிப்பு, ஐஸ் கச்சாங் இருக்கிறதே! சிரப், பீன்ஸ் எல்லாம் இல்லாமல் வெறும் துருவிய ஐஸ் 100 கிராம் போதும். முதல் பாட்டிலில் 100 மில்லி தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்துப் பாருங்கள், மேலே தேங்கித் தளும்பும். பம்ப் பண்ணி எடுத்துவிட்டு, அதே மண்மேல் ஐஸைக் குவியுங்கள். எடை ஒன்றுதான், ஆனால் சொட்டுச் சொட்டாக உருகுவதால் மண் நிதானமாகக் குடித்துவிடும். குளிர்நாட்டு மலைகளில் மாதக்கணக்கில் கிடந்த பனி வசந்தத்தில் மெல்ல உருகும்போது நிலத்தடி நீர் நன்றாக ஊறுவது இதனால்தான். ஆனால் அடியிலுள்ள மண்ணே உறைந்து கல்லாகியிருந்தால் உருகிய நீரும் வழிந்தோடிவிடும். பனி பார்க்க மலையாகத் தெரியும், தண்ணீராக்கினால் கொஞ்சம்தான். புதிதாக விழுந்த பனி பத்து அங்குலம் இருந்தால் சுமார் ஓர் அங்குலத் தண்ணீர்.

பாட்டில் ஒரு விஷயத்தில் ஏமாற்றும், அது வேகம். இங்கே நிமிடத்தில் நடப்பது நிஜத்தில் நாள், வருடம், ஆழத்தில் ஆயிரக்கணக்கான வருடங்கள்கூட ஆகும். இதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் அன்றைக்கே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அறிவியல் பாடம் என்று தேங்கிய நீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுவிடமோ அதைத் தேடிச் சோதனைக்கு வரும் அதிகாரியிடமோ சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள், அனுமதி இலவசம். மழையாக இறங்கி, ஆழத்தில் சூடாகி, பாறை வெடிப்பு வழியாக 70 டிகிரி அளவில் மேலே வரும் தண்ணீர் அது. முட்டையும் ஒரு பாத்திரமும் எடுத்துப்போங்கள், வேக நேரமாகும், மடக்கு நாற்காலி இருந்தால் நல்லது.