மூவாயிரம் பவுண்டு பிஎம்டபிள்யூ: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து ஆறு மாதத்தில், மூவாயிரம் பவுண்டுக்கு 2010 மாடல் பிஎம்டபிள்யூ 320டி ஒன்று விளம்பரத்தில் கண்ணில் படும். ஊரில் இந்தக் காசுக்குப் பழைய ஸ்விஃப்ட்தான் வரும் என்று மனம் கணக்குப் போடும். கொஞ்சம் பொறுங்கள்.

அது டீசல், புகை அளவுக்கான தரத்தில் யூரோ 5. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்கவே யூலெஸ், அதாவது புகைத் தரம் எட்டாத வண்டிகளுக்குக் கட்டணம் போடும் மண்டலம். யூரோ 6 இல்லாத டீசல் காரை வெளியே எடுக்கிற நாளெல்லாம் 12.50 பவுண்டு. வாரம் ஐந்து நாள், வருடம் 48 வாரம் வேலைக்குப் போனால் 3,000 பவுண்டு. காரின் விலையை இன்னொரு தடவை கட்டுகிறீர்கள்! பெட்ரோலுக்கு யூரோ 4 போதும், பெரும்பாலும் 2006-க்குப் பிந்தையவை தப்பிவிடும்.

சரி, பெட்ரோலே வாங்கலாம் என்றால், விலை இறங்கியது காருக்குத்தான், பாகங்களுக்கு இல்லை. நானும் ஒரு பழைய ஜெர்மன் கார் வைத்திருந்தேன், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் தாங்குகிற ஏர் சஸ்பென்ஷனோடு. ஒரு ஜனவரி காலை வெளியே வந்து பார்த்தால், முன்னங்காலை மடக்கிய மாடு மாதிரி இடதுபக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்ததும் மெல்ல எழுந்துகொண்டது. அப்பாடா என்று மூன்று வாரம் ஓட்டினேன். ரப்பர் பையில் வெடிப்பு. கசிகிற காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய கம்ப்ரசரும் கருகிப்போனது. பையை அன்றைக்கே மாற்றியிருந்தால் பாதிச் செலவோடு போயிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அதனால் காரைப் பார்க்கப் போகுமுன் அதன் எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் படியுங்கள், இலவசம். பாஸ், ஃபெயில் மட்டும் பார்க்காதீர்கள். ஃபெயில் ஆக்காமல் கவனிக்கச் சொல்லும் குறைகளைக் குறிக்கிற 'அட்வைசரி' வரிகளில்தான் விஷயம். ஒரே எண்ணெய்க் கசிவு மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தால், உரிமையாளர் கை வைக்கவில்லை என்று அர்த்தம். ஆனால் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை எம்ஓடி சோதிப்பதில்லை.

எஞ்சினுக்கு உங்கள் காதுதான். அந்தக் காலத்து 320டி பலவற்றில் எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குகிற டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம் இருக்கும், மாற்றுவது பெரிய வேலை. குளிர்ந்த எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் விலையையும் முன்பே கேளுங்கள். இந்திய, இலங்கை லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு சொகுசுக் காருக்குக் கேட்டால் தொகை தூக்கிவாரிப்போடும்.

அப்புறம், விற்றவர் கட்டிய சாலை வரி உங்களுக்கு வராது. லாக்புக்கிலிருந்து (வண்டியின் பதிவு ஆவணம்) கிழித்துத் தருகிற பச்சைச் சீட்டின் எண்ணைப் போட்டு, அங்கே நின்றபடியே ஃபோனில் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.