முதுமலையின் கணக்கைக் கேட்கப் போய் எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

முதுமலைப் புலிகள் காப்பகத்தின் தெப்பக்காட்டில் சஃபாரிக்குக் கட்டும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் 'கவர்மென்ட் கஜானாவுக்குத்தான்' என்பார்கள். முதுமலையின் வரவு செலவைத் தேடிப் புறப்படுகிறவர்கள் முதலில் சறுக்குவதும் இங்கேதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 38எக்ஸ் பிரிவு, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை இருக்க வேண்டும் என்கிறது. நுழைவுக் கட்டணம் போன்ற வருமானத்தை அதே காப்பகத்துக்குத் திரும்பப் பயன்படுத்துவது அந்த அறக்கட்டளையின் நோக்கங்களில் ஒன்று. ஆகவே மாநில பட்ஜெட் புத்தகத்தை மட்டும் புரட்டிவிட்டு 'டிக்கெட் காசைக் காணோம்' என்று கொதிப்பதில் பயனில்லை. அது வேறு கணக்கில் இருக்கும்.

இன்னும் பல வாய்க்கால்கள் உண்டு. நிரந்தர ஊழியர்களின் சம்பளம் மாநில நிதியிலிருந்து வரும். புலிகள் திட்டத்தில் தொடர் செலவுகளை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகவும், ஒருமுறைச் செலவுகளை 60க்கு 40 என்றும் பகிர்ந்துகொள்கின்றன. வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுத்தவர்கள் கட்டிய ஈட்டுத் தொகை 'கேம்பா' என்ற காடு வளர்ப்பு நிதி வழியாக வருகிறது. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியில் நடக்கும் பசுமைத் திட்டம் தனி. 'முதுமலைக்கு எவ்வளவு செலவானது?' என்று ஒரே வரியில் கேட்டால், எந்த அலுவலகம் பதில் சொல்கிறதோ அதன் கையில் உள்ள வாய்க்காலின் கணக்கு மட்டுமே கிடைக்கும். அதையே முழுத் தொகை என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய.

ஆண்டுகளை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 2023-24 முதல் புலிகள் திட்டமும் யானைத் திட்டமும் மத்திய பட்ஜெட்டில் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டன. அதற்கு முந்தைய எண்ணோடு இதை வைத்து 'புலிக்குக் கூட்டினார்கள், குறைத்தார்கள்' என்று சொன்னால் அது கணக்கே இல்லை.

அப்புறம், அறிவித்த தொகையைச் செலவான தொகையாக எடுத்துக்கொள்வது. ஒதுக்கீடு வேறு, விடுவிப்பு வேறு, செலவு வேறு. மூன்றையும் கேட்க வேண்டும். கூடவே தேதியையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், தொகையைவிடத் தேதிதான் அதிகம் பேசும். பிப்ரவரியில் முதுமலைக் காடு காய்ந்துவிடும். அதற்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி முடித்திருக்க வேண்டும். அதற்கான பணம் மார்ச் கடைசியில் விடுவிக்கப்பட்டிருந்தால், வேலை எப்போது நடந்தது, அதுவரை கூலி எப்படிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி தானாக எழும். இதில் திருட்டு இருக்கிறது என்று சொல்லவில்லை. தாமதமாக வரும் பணத்தோடு மல்லுக்கட்டும் வனச்சரகரும் இருக்கலாம். ஆனால் தேதி இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்தறியவே முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதும்போதுதான் பெரும்பாலானவை பாழாகின்றன. நானும் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு 'உண்ணிச்செடி அகற்ற ஏன் இவ்வளவு செலவு?' என்று எழுதிப்போட்டேன். (உண்ணிச்செடி என்பது காட்டில் பரவும் லன்டானா என்ற அந்நியப் புதர்.) 'விளக்கம் கேட்பது தகவல் ஆகாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபம் வந்தாலும், அவர்கள் சொன்னது சரிதான். சட்டத்தின் 2(எஃப்) பிரிவில் தகவல் என்பது ஏற்கெனவே இருக்கும் ஆவணம், கோப்பு, பதிவேடு. 'ஏன்' என்பது ஆவணம் அல்ல. கேட்க வேண்டியவை இவை: அந்த ஆண்டின் ஒப்புதல் பெற்ற ஆண்டுச் செயல்திட்டம், பணம் எதற்குச் செலவானது என்று சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழ், வனச்சரகவாரியாக வேலை நடந்த ஹெக்டேர், அந்த இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகள், நடந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகல். ஜிபிஎஸ் புள்ளி கையில் இருந்தால் ஒரே ஹெக்டேர் இரண்டு திட்டங்களின் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். உண்ணிச்செடி வெட்டினாலும் மறுபடி முளைக்கும் என்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே இடத்தில் வேலை நடப்பது இயல்பு. அதைப் பார்த்தவுடன் ஊழல் என்று குதிக்காதீர்கள். அந்நியக் கொன்றையான சென்னாவின் கதை வேறு. அந்த மரங்களைக் காகிதக் கூழுக்காக எடுத்துக்கொள்ள டிஎன்பிஎல் ஆலைக்கு அரசு அனுமதி கொடுத்தது. எனவே செலவோடு நிற்காமல், எத்தனை டன் போனது, அதற்கு என்ன வந்தது என்றும் கேளுங்கள்.

பத்து வருட வவுச்சர் முழுவதையும் கேட்பதும் வேண்டாம். அலுவலகத்தின் வளங்களை அளவுக்கு மீறி இழுக்கிறது என்று 7(9) பிரிவைக் காட்டுவார்கள். அதற்குப் பதில் 2(ஜே) பிரிவின் கீழ், நேரில் வந்து கோப்புகளைப் பார்க்கிறேன் என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. தேவையான பக்கத்தை மட்டும் நகல் வாங்கிக்கொள்ளலாம்.

மறுகுடியமர்வுக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. காப்பகத்துக்குள்ளிருந்து வெளியேறும் குடும்பத்துக்கான தொகை 10 லட்சமாக இருந்து 2021இல் 15 லட்சமானது. பயனாளிகளின் பெயர், வங்கிக் கணக்கு என்று கேட்டால் தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) பிரிவில் மறுத்துவிடுவார்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கமாக்கிவிட்டது. கிராமவாரியாக எத்தனை குடும்பம், மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். கணக்கைச் சரிபார்க்க அதுவே போதும். காமிரா வைத்த இடங்களையும் வேட்டைத் தடுப்பு முகாம்களின் ரோந்துப் பாதைகளையும் கேட்காதீர்கள். அதை மறைப்பதில் நியாயம் இருக்கிறது.

காகிதம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்புவதும் தவறுதான். உத்தராகண்டில் கேம்பா பணத்தில் ஐஃபோன், லேப்டாப், ஃபிரிட்ஜ் வாங்கியதைத் தணிக்கைத் துறை கண்டுபிடித்தது. அறிக்கை 2025 பிப்ரவரியில் அங்குள்ள சட்டமன்றத்துக்கு வந்தது. அதே மாநிலத்தில் கார்பெட் புலிகள் காப்பகத்தின் பாக்ரோ சஃபாரிக்காக 163 மரம் வெட்ட அனுமதி. வெட்டப்பட்டவை 6,000க்கு மேல் என்று இந்திய வன ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதற்காக நீங்களே காட்டுக்குள் நடந்து எண்ணப் போகாதீர்கள், அனுமதியின்றி நுழைவது குற்றம். பழைய செயற்கைக்கோள் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பதில் வராவிட்டால் பொறுமையாகக் காத்திருப்பதுதான் நம் ஊர் வழக்கம். ஆனால் சட்டம் கெடு வைத்திருக்கிறது: மனு கிடைத்து 30 நாள் தாண்டிவிட்டால் தகவலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள் இருக்கிறது. மனு தப்பான அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் ஐந்து நாளுக்குள் அவர்கள்தான் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். டிக்கெட் காசைக் கேட்டதற்கு 'அறக்கட்டளை எங்கள் அலுவலகம் அல்ல' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும் அமைப்பும் 2(எச்) பிரிவின்படி பொது அதிகார அமைப்பு என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள். அதன் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கையும் ஆண்டைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.