கூடாரத்தடியில் பாடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்ட விடுமுறை வந்தால் கொழும்பிலிருந்து வான் பிடித்துக் கித்துல்கலைக்கும் பெலிஹுல்ஓயாவுக்கும் றிவஸ்டனுக்கும் புறப்படும் குடும்பங்கள் எதையும் மறப்பதில்லை. கூடாரம், பாய், அரிசி, சம்பலுக்குத் தேங்காய், நுளம்புத் திரி, அட்டைக் கடிக்குப் பூச உப்பு என்று பட்டியல் நீளும். பாட்டுக்கு மட்டும் பட்டியல் கிடையாது. “அது அங்கே போனதும் தானாக வரும்” என்பார்கள். வருவதில்லை. யாரோ ஒருவருடைய ஸ்பீக்கர்தான் வருகிறது. அதைச் சுற்றிப் பதினைந்து பேர் ஆளுக்கொரு கைபேசியைப் பார்த்தபடி இருப்பார்கள்.

முகாமில் பாட்டு என்றால் எல்லோரும் வாய்விட்டுச் சேர்ந்து பாடுவது என்பது என் கட்சி. கேட்க மட்டும் என்றால் வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியே போதும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி, இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

பல்லவியோடு நின்றுபோவது

எந்தக் கூட்டத்திலும் நடப்பது இது. ஒருவர் தொடங்குவார். பல்லவிக்கு எல்லோரும் கை தட்டிக்கொண்டு சேர்ந்துகொள்வார்கள், குரல் அப்படியே எழும்பும். பல்லவி இரண்டாம் முறையும் முடியும். பிறகு சரணம். முதல் வரியில் நான்கு பேர், இரண்டாம் வரியில் இருவர், மூன்றாம் வரியில் தொடங்கியவர் மட்டும், அவரும் “லாலா” என்று சமாளிப்பார். யாரோ வரிகளைத் தேடக் கைபேசியை எடுப்பார். சிக்னல் இருக்காது. மலையடிவாரக் கிராமங்களில் அதை நம்பிப் போவதே தவறு. “சரி, வேறு பாட்டு பாடுவோம்” என்பார்கள். அடுத்த பாட்டுக்கும் அதே கதி.

நமக்கு நன்றாகத் தெரியும் என்று நாம் நம்பும் திரைப்பாடல்களில் பெரும்பாலானவற்றை நாம் முழுதாகப் பாடியதே இல்லை. வானொலியோடு சேர்ந்து முணுமுணுத்திருக்கிறோம், அவ்வளவுதான். மருந்து எளியது. புறப்படுவதற்கு முன்பு பத்துப் பன்னிரண்டு பாடல்களைத் தேர்ந்து, வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து நான்கைந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். டோர்ச் வெளிச்சத்தில் பெரியவர்களுக்குச் சிறிய எழுத்து தெரியாது என்பதை மறக்க வேண்டாம். தாள் பழைய பாணி என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் தாளுக்குப் பற்றரி இறங்குவதில்லை. பாட்டைக் கேட்டுத்தான் நினைவுபடுத்த வேண்டுமென்றால் இணையத்தில் ஓடவிடும் செயலியை நம்பாமல் வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தலைமுறையின் பாட்டுகள்

பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் இந்த வருடம் வந்த பாட்டுகளாக அள்ளிப் போடுவார். பெரியப்பா எழுந்துபோய் அடுப்பைக் கிளறத் தொடங்குவார். பெரியவர்களிடம் பொறுப்புப் போனால், ஒன்பது மணிக்குள் மூன்று காதல் தோல்விப் பாட்டுகள் வந்து சேர்ந்து பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். சோகப் பாட்டுக்கு நான் எதிரி இல்லை. இரவுக்கு ஒன்று போதும், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு.

கொழும்புக் கூட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பமும், அலுவலகத்து முஸ்லிம் நண்பரும், மலையகத்திலிருந்து வந்து வேலை செய்யும் தோழியும் ஒரே வானில் வருவார்கள். தமிழ்த் திரைப்பாடல் மட்டுமே ஓடினால் அவர்களில் சிலர் நாகரிகமாகப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதற்கு நம்மிடமே தீர்வு இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் வேர்விட்ட பைலா தாளத்துக்குத் தமிழரும் சிங்களவரும் ஒன்றாகவே எழும்பி ஆடுவார்கள். 1970களில் நம் ஊரில் பரவிய தமிழ்ப் பொப் பாடல்கள் இத்தகைய இரவுகளுக்கென்றே அமைந்தவை போலிருக்கும். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டியிலிருந்து பேரன் வரை தெரிந்தது. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ சிங்களத்திலும் தமிழிலும் பாடப்பட்டதால் இரண்டு பக்கமும் பங்கு கேட்கும். வரிகள் குறைவு, திரும்பத் திரும்ப வரும். முகாமுக்கு வேறென்ன வேண்டும்?

பைலாவில் ஒரு சறுக்கல் மட்டும் உண்டு. நான்கு நான்காகக் கை தட்டிப் பழகியவர்கள் அதையே இதிலும் தட்டித் தாளத்தைக் குழப்பிவிடுவார்கள். ஆறு எண்ணுங்கள்: ஒன்று-இரண்டு-மூன்று, நான்கு-ஐந்து-ஆறு. ஒன்றிலும் நான்கிலும் தட்டுங்கள். கூட்டமாகத் தட்டும்போது வேகம் தானாகவே ஏறும் என்பதால், ஒருவர் கவிழ்த்த வாளியில் அடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் அவருடைய கையைப் பார்த்துத் தட்ட வேண்டும். அந்த ஒருவர் பத்து வயதுச் சிறுமியாக இருந்தால் இன்னும் நல்லது. அவள் வேலையைப் பெரியவர்களைவிடப் பொறுப்பாகச் செய்வாள், தாளம் தவறிய சித்தப்பாவை முறைக்கவும் தயங்க மாட்டாள்.

சுருதி ஏறிப்போவது

ஒலித்தட்டில் உள்ள சுருதியிலேயே தொடங்குவது பரவலான தவறு. திரைப்பாடகர்களின் குரல் எட்டும் உயரம் நமக்கு எட்டாது. மேலும், பல பாட்டுகளில் பல்லவி தாழ்வாக இருந்து சரணம் மேலே ஏறும். பல்லவி வசதியாக இருக்கிறதே என்று தொடங்கி, சரணத்தின் உச்சியில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவதை எல்லா முகாமிலும் பார்க்கலாம். தொடங்குபவர் முதலில் சரணத்தின் மிக உயர்ந்த வரியை மெல்லப் பாடிப் பார்க்கட்டும். அது சிரமமில்லாமல் வந்தால், அதற்கேற்ற இடத்திலிருந்து பல்லவியைப் பிடிக்கலாம்.

தொண்டையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வான் கிளம்பியதும் அவிசாவளை வரைக்கும் உச்சக் குரலில் பாடித் தீர்த்துவிட்டு, இரவில் நெருப்பருகே வந்து கரகரப்பவர்கள் ஏராளம். புகை வீசும் பக்கத்தில் உட்காராதீர்கள். ஐஸ் தண்ணீருக்குப் பதில் இஞ்சி போட்ட பிளேன்டீயை ஒரு கேத்தலில் சூடாக வைத்திருங்கள்.

வாத்தியங்களுக்குச் செய்யும் கொடுமை

கிட்டாரை நெருப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறார்கள். வெப்பத்தில் மரம் உலர்ந்து வெடிக்கலாம், ஒட்டுப் பசை இளகலாம். நள்ளிரவில் அதையே பனியில் புல்மேல் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். உறைக்குள் வைத்துக் கூடாரத்துக்குள் எடுத்துக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகாது. ரபான், கஞ்சிரா போன்ற தோல் வாத்தியங்கள் ஈரக்காற்றில் தளர்ந்து தொய்ந்த ஒலி தரும். நெருப்பிலிருந்து ஓரடி இரண்டடி தள்ளிப் பிடித்து மெல்லச் சூடு காட்டினால் தோல் இறுகும். ஒட்டிப் பிடித்துக் கருக்கிவிட வேண்டாம். வாத்தியமே இல்லையென்றாலும் பாதகமில்லை. இரண்டு கரண்டியும் ஒரு வெற்றுப் போத்தலும் போதுமானவை.

இடத்தை மறந்து கத்துவது

எனக்கு உண்மையில் கோபம் வரும் தவறு இதுதான். நகரத்தைவிட்டு வந்துவிட்டோம், இங்கே யாரும் இல்லை என்ற நினைப்பு. யாராவது எப்போதும் இருக்கிறார்கள். நுவரெலியாப் பக்கத்தில் கூடாரம் அடித்தால் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருக்கும். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டிய நம்மவர்கள் அங்கே தூங்குகிறார்கள். அவர்களுடைய ஒரு நாள் சம்பளம் அந்தத் தூக்கத்தையும் நம்பியிருக்கிறது. குளத்தங்கரையில் தங்கினால் எதிர்க்கரையில் கிராமம் இருக்கும்.

இரவில் ஒலி பகலைவிடத் தூரம் போகும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலேயுள்ள காற்று சற்று வெப்பமாக இருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் கீழே இறங்குகிறது. நீர்ப்பரப்பின் மேல் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கரையில் நாம் சாதாரணமாகப் பாடியது எதிர்க்கரைத் திண்ணையில் கேட்கும். மனிதக் குரலே அப்படிப் போகும்போது ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. ஊர்த் திருவிழாவுக்கே தனி அனுமதி வேண்டியிருக்க, பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு விலக்குக் கேட்பது நியாயமில்லை.

யால, வில்பத்து, உடவளவை போன்ற தேசிய பூங்காக்களுக்குள் உள்ள முகாம்களில் பாட்டை அடியோடு அடக்கி வாசிக்க வேண்டும். சத்தம் போட்டால் யானை கிட்டே வராது என்று தைரியமாகப் பாடுபவர்கள் இருக்கிறார்கள். யானையின் வழியில் கூடாரம் அடித்துவிட்டு அதை மிரட்டவும் பார்ப்பது மடத்தனம். இங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின் வழிகாட்டி சொல்வதே வேதம்.

போயா விடுமுறையில் போகிறவர்கள் பக்கத்தில் விகாரை இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ‘பண’ எனும் பௌத்த உபதேசம் ஒலிக்கும் நேரத்தில் வாளி அடித்துப் பைலா பாடினால் அந்த ஊரில் அடுத்த முறை வரவேற்பு இருக்காது. கோயில், பள்ளிவாசல் அருகிலும் அதே மரியாதைதான்.

சின்னச் சின்னத் தவறுகள்

பி.எச். அப்துல் ஹமீத் வானொலியில் நடத்திப் பெயர்பெற்ற ‘பாட்டுக்குப் பாட்டு’ நம் வீடுகளில் விளையாட்டாகவே ஊறிப்போன ஒன்று. முகாமுக்கும் பொருத்தமானது. ஆனால் இரவு முழுவதும் அதுவே நடந்தால் எந்தப் பாட்டும் முதல் வரியைத் தாண்டாது, மச்சான்களுக்குள் எழுத்துச் சண்டையும் தொடங்கிவிடும். அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு முழுப் பாட்டுக்குப் போங்கள்.

றிவஸ்டன் போன்ற திறந்த மேட்டில் காற்று குரலை அள்ளிக்கொண்டு போகும். பாறை மறைவிலோ கூடாரங்களுக்கு நடுவிலோ வட்டமாக நெருங்கி உட்காருங்கள். கித்துல்கலையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தங்கினால் மழை கூடாரத் துணியில் அடிக்கும் சத்தமே பாட்டை மூழ்கடித்துவிடும். அப்போது கதை சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

பாட மாட்டேன் என்பவரை நடுவில் இழுத்துவிட்டு “பாடுங்கோ மாமி, பாடுங்கோ” என்று நெருக்குவதும் தவறு. அவர் கையில் கரண்டியைக் கொடுத்துத் தாளம் போடச் சொல்லுங்கள். மூன்றாவது பாட்டில் அவரே முணுமுணுப்பார். அந்த நேரத்தில் யாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டிவிடாதீர்கள், உடனே நிறுத்திவிடுவார்.

வீடியோ எடுக்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். கைபேசி உயர்ந்ததும் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள், மீதிப்பேர் நடிக்கத் தொடங்குவார்கள். நினைவுக்கு வேண்டுமென்றால் ஒரு கைபேசியை ஒலிப்பதிவில் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்பு பாடியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சுருதி தவறிய அந்த ஒரு வரி, நீங்கள் கொழும்பு வந்து சேர்வதற்குள் லண்டன் பெரியம்மா வரை போய், அவர் அபிப்பிராயமும் சொல்லி முடித்திருப்பார்.