நாய் படுத்த படுக்கையாகிவிட்டால் முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

சிறுநீரகமோ இதயமோ புற்றுநோயோ, டாக்டர் நாயைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் அதோடு இருப்பது நீங்கள். அதனால் ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் அதன் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம். "நேற்று சாப்பிட்டதா?" என்று டாக்டர் கேட்டால் "ஏதோ கொஞ்சம் சாப்பிட்ட மாதிரி இருந்தது" என்று இழுப்போமே, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாராலும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

எத்தனை மணிக்கு எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, எத்தனை முறை மூத்திரம் போனது, வாந்தி பேதி உண்டா, எந்த மருந்தை யார் கொடுத்தார்கள், இவ்வளவு போதும். கடைசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள், வீட்டில் மூன்று பேர் இருந்தால் காலை மாத்திரை இரண்டு தடவை உள்ளே போய்விடும். வலிப்போ விநோதமான இருமலோ வந்தால் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் போய் நின்றதும் ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டும்.

அடுத்தது மூன்று அளவுகள். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், இதய நோய் உள்ள நாய்க்கு நுரையீரலில் நீர் கோப்பது பல நேரம் இப்படித்தான் முதலில் தெரியவரும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும் (கறுப்பு ஈறு உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தில் நிறத்தைப் பாருங்கள்). ஆசனவாயில் வாஸ்லைன் தடவிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை காட்டும். நமக்கு அது காய்ச்சல், நாய்க்கு இயல்பு. 40-ஐத் தாண்டினாலோ 37-க்குக் கீழே இறங்கினாலோ ஃபோனை எடுங்கள். மூக்கு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

சாப்பாட்டில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் வடிப்பது, தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்புவது, இதெல்லாம் குமட்டலின் அடையாளம், அடம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது வகைவகையாகச் சமைத்து நீட்டுவதைவிட குமட்டலுக்கு மருந்து கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அப்புறம் உணவை வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள், வாசனை எழும்பினால் சில நாய்கள் வாயைத் திறக்கும். கால் மணி நேரத்தில் தொடவில்லையென்றால் தட்டை எடுத்துவிடலாம். கசப்பு மாத்திரையை அதற்கு மிகவும் பிடித்த உணவில் ஒளித்து வைக்காதீர்கள், ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அந்த உணவும் போச்சு. ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஊட்டச் சொல்லியிருந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காமல், கன்னத்துப் பக்கமாக ஒன்றிரண்டு மில்லி விட்டு, விழுங்கியதா என்று பார்த்து, பிறகு அடுத்தது. மயங்கிக் கிடக்கும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் கண்டிப்பாக ஊட்டக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விட்டால் நிமோனியா வரும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் டாக்டரிடம் பேசுங்கள்.

தண்ணீர், கிலோவுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி, அதாவது 10 கிலோ நாய்க்கு ஒரு நாளில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. உணவில் இருக்கும் நீரும் இதில் சேர்த்தி. சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் இதைவிட அதிகமாகக் குடிக்கும், அதிகமாகப் போகும். துடைக்க அலுப்பாக இருக்கிறதென்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்.

நம் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாயைக் கொன்றே விடலாம். பல நாள் கொடுத்துவந்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது, சாப்பிடாத நாய்க்கு இன்சுலின் போடுமுன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

எழுந்திருக்க முடியாத நாயை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுங்கள், இரவிலும்தான், வீட்டில் முறை வைத்துக்கொண்டால் யாரும் ஓய்ந்துபோக மாட்டார்கள். முழங்கை, தோள், இடுப்பு எலும்பு, இந்த இடங்களில்தான் படுக்கைப் புண் தொடங்கும். மெத்தை தடிமனாக இருக்கட்டும், மேலே ஈரம் உறிஞ்சும் துணி. மூத்திரத்தில் ஊறிய தோல் வெந்துபோகும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் துடைத்து நன்றாக ஒத்தி எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் நடக்கக்கூடிய நாய்க்கு வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் வெளியே போய்வரும். வழுக்கும் தரையில் பாய் விரித்துவிடுங்கள்.

இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், சும்மா படுத்திருக்கும்போதே மூச்சுக்குத் தவித்தால், வயிறு உப்பி வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால், 12 மணி நேரமாக மூத்திரமே போகவில்லையென்றால், வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலிப்பின்போது வாயில் கையை விடாதீர்கள், இடிக்கக்கூடிய பொருள்களை நகர்த்திவிட்டு நேரத்தைப் பாருங்கள்.

வலியை நாய் பெரும்பாலும் கத்திச் சொல்லாது. வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது, நடுங்குவது, படுக்கப் போய்ப் போய் மறுபடி எழுவது, ஆள் இல்லாத மூலைக்குப் போய் ஒடுங்குவது, இவற்றையும் எழுதுங்கள்.

குணமாகாத நோய் என்றால் நோட்டுக்கு இன்னொரு வேலை உண்டு. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்பது, இந்த ஏழுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும் (நிலைமை நன்றாக இருந்தால் மதிப்பெண் கூடும், வலி இல்லையென்றால்தான் வலிக்குப் பத்து). மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. வாரம் ஒரு தடவை, வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போடுங்கள், ஏனென்றால் பாசம் அதிகமுள்ளவர் எப்போதும் கூட்டியே போடுவார். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் கருணைக்கொலை பற்றி டாக்டரிடம் முன்னதாகவே பேசிவையுங்கள்: வீட்டுக்கு வருவாரா, முதலில் தூங்க வைக்கும் ஊசி போடுவாரா, நாம் பக்கத்தில் இருக்கலாமா. பணம், கையெழுத்து எல்லாவற்றையும் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். அன்றைக்கும் நோட்டைக் கையோடு வைத்திருங்கள். டாக்டர் ஏதாவது கேட்டு உங்களுக்குப் பேச்சு வரவில்லையென்றால் அதை நீட்டினால் போதும்.